நெஞ்சுவலியே வராத அப்பாவுக்கு ஹோல்டரில் கூடுதல் துடிப்புகள்: ஆஞ்சியோ அவசியமா, துடிப்புக்கு மாத்திரை மட்டும் போதாதா?

உங்கள் தந்தைக்கு வயது 58, நெடுநாள் சர்க்கரை நோய், நெஞ்சுவலி ஒருநாளும் வந்ததில்லை, தலைசுற்றலுக்காக எடுத்த ஹோல்டரில் (ஒரு நாளோ அதற்கு மேலோ உடலில் மாட்டி எடுக்கும் இ.சி.ஜி. பதிவு) வி.பி.சி. (இதயத்தின் கீழறையிலிருந்து முந்தி வரும் கூடுதல் துடிப்பு) அதிகம் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மருத்துவர் அல்லன். இதயப் பிரிவில் ஹோல்டர், டிரெட்மில் சோதனைகளை எடுக்கும் டெக்னீஷியனாகப் பல ஆண்டுகள் வேலை பார்த்தவன். ஆஞ்சியோ வேண்டுமா என்பதை அவருடைய மருத்துவர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால், துடிப்பை மட்டும் மாத்திரையால் அடக்கினால் போதுமா என்ற கேள்விக்குப் போதாது என்றே சொல்வேன்; அந்தத் துடிப்புகளுக்குப் பின்னால் இதய ரத்தக்குழாய் அடைப்பு இருக்கலாம்.

வலி இல்லாமல் அடைப்பு எப்படி இருக்கும் என்கிறீர்கள். இதயத் தசைக்கு ரத்தம் குறையும்போது முதலில் தசை தளர்ந்து விரிவது கெடும். அடுத்துச் சுருங்கும் திறன் குறையும். அதன் பிறகு இ.சி.ஜி.யில் மாற்றம் தெரியும். எல்லாவற்றுக்கும் கடைசியில்தான் வலி வரும், பல சமயம் வராமலே போகும். நெஞ்சுவலி உள்ள நோயாளிகளுக்கு ஹோல்டர் மாட்டிப் பார்த்தால்கூட, ரத்தக்குறைவு ஏற்படும் தருணங்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு அவர்களே உணராதவைதான். நீண்டகாலச் சர்க்கரை நோயில் இதயத்திலிருந்து வலியைக் கொண்டுசெல்லும் நரம்புகளும் பழுதடைவதால், அந்தக் கடைசி எச்சரிக்கையும் கிடைக்காமல் போகலாம்.

இத்தகைய பதிவைத் திரையில் ஓட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும் என்று சொல்கிறேன். காலை எட்டரை மணி வாக்கில் துடிப்பு 70-இலிருந்து 110-க்கு ஏறும், இ.சி.ஜி.யில் ரத்தக்குறைவைக் காட்டும் எஸ்.டி. கோடு மெல்லச் சரிந்து ஒரு மில்லிமீட்டருக்கு மேல் கீழிறங்கிச் சில நிமிடங்கள் அங்கேயே நிற்கும்; அந்த நேரத்தில்தான் அகலமான வி.பி.சி.கள் முதலில் தனித்தனியாகவும், பிறகு ஜோடியாகவும், ஓரிடத்தில் மூன்று சேர்ந்தாற்போலவும் வரும். நோயாளியிடம் கொடுத்தனுப்பிய குறிப்புத் தாளை எடுத்துப் பார்த்தால், அதே நேரத்துக்கு நேரே "மாடிக்குப் போய்த் துணி காயப்போட்டேன், உடம்புக்கு ஒன்றும் செய்யவில்லை" என்று எழுதியிருக்கும்.

காரணம் தசையின் வேதியியலில் இருக்கிறது. ஆக்சிஜன் கிடைக்காத செல்களிலிருந்து பொட்டாசியம் வெளியே கசிகிறது. அதனால் அந்தப் பகுதியில் மின்னோட்டம் மந்தமாகிறது. பக்கத்திலுள்ள நல்ல தசையோ வழக்கமான வேகத்தில் இயங்குகிறது. இந்த வேறுபாட்டால் ஒரு மின் அலை ஒரே இடத்தைச் சுற்றிச் சுற்றி வரத் தொடங்கிவிட்டால், அது கீழறையின் அதிவேகத் துடிப்பாகவும், மோசமான நிலையில் உயிரைப் பறிக்கும் வென்ட்ரிக்குலர் ஃபிப்ரிலேஷனாகவும் (கீழறை சரியாகச் சுருங்காமல் வெறுமனே நடுங்குவது) மாறக்கூடும். இன்னொரு வழியும் உண்டு: எப்போதோ அறியாமலே வந்துபோன மாரடைப்பு தசையில் தழும்பை விட்டிருக்கும், அந்தத் தழும்புக்குள் பிழைத்திருக்கும் மெல்லிய தசைநார்கள் இதே சுழற்சிக்கு நிரந்தரப் பாதை அமைத்துத் தரும். இப்போது ரத்தக்குறைவா, பழைய தழும்பா என்று பிரித்தறிவது முக்கியம். ஏனெனில், ஸ்டென்ட் வைத்தால் முதலாவது குறையலாம், தழும்பு அப்படியேதான் இருக்கும்.

எனவே வி.பி.சி.யின் எண்ணிக்கையை மட்டும் பார்த்துப் பயப்படவும் வேண்டாம், நிம்மதி அடையவும் வேண்டாம். ஒரு நாளில் இதயம் சுமார் ஒரு லட்சம் முறை துடிக்கிறது. அதில் சில நூறு கூடுதல் துடிப்புகள் நல்ல இதயத்திலும் வருவதுண்டு, நடந்தால் மறைந்துவிடுவதும் உண்டு. உழைப்பின்போது பெருகுவதும், டிரெட்மில்லை நிறுத்தி ஓய்வெடுக்கும் நிமிடங்களில் அடிக்கடி வருவதும், எஸ்.டி. சரிவோடு சேர்ந்து வருவதும்தான் கவலைக்குரியவை. எக்கோ ஸ்கேனில் இ.எஃப். (ஒவ்வொரு துடிப்பிலும் இடது கீழறை வெளியேற்றும் ரத்தத்தின் விழுக்காடு) என்ன என்பது இவை எல்லாவற்றையும்விட முக்கியமான எண். தகுந்த மருந்துகளுக்குப் பிறகும் அது 35 விழுக்காடோ அதற்குக் குறைவாகவோ இருந்தால், ஆபத்தான துடிப்பை மின் அதிர்ச்சியால் சரிசெய்யும் ஐ.சி.டி. கருவி பொருத்துவது பற்றிப் பேச்சு வரும்.

துடிப்புக்கு மாத்திரை மட்டும் கேட்பவர்கள் 1989-இல் வெளியான காஸ்ட் (CAST) ஆய்வை அறிந்திருப்பது நல்லது. மாரடைப்புக்குப் பின் வி.பி.சி. இருந்தவர்களுக்கு என்கெய்னைடு, ஃப்ளெக்கெய்னைடு மருந்துகளைக் கொடுத்தார்கள். துடிப்புகள் அடங்கின, ஆனால் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட இந்த மருந்து சாப்பிட்டவர்களே அதிகம் இறந்தார்கள். அந்தப் பகுதி பாதியிலேயே நிறுத்தப்பட்டது. இன்று பீட்டா பிளாக்கர் வகை மாத்திரை முன்னிலையில் இருப்பதற்குக் காரணம், அது துடிப்பைத் தணிப்பதோடு இதயத்தின் ஆக்சிஜன் தேவையையும் குறைக்கிறது என்பதே.

மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். எந்த அறிகுறியும் இல்லாத சர்க்கரை நோயாளிகள் 1,100-க்கும் மேற்பட்டோரிடம் நடந்து 2009-இல் வெளியான டயாட் (DIAD) ஆய்வில், ஸ்கேன் செய்து பார்த்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு மறைந்திருந்த ரத்தக்குறைவு தெரிந்தது. ஆனாலும் ஸ்கேன் செய்யாதவர்களோடு ஒப்பிட்டால், சுமார் ஐந்து ஆண்டுகளில் மாரடைப்பும் இதய மரணமும் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. சர்க்கரை நோயாளிகள் அனைவரையும் சோதனைக்கு இழுப்பது தேவையற்றது என்று இதைக் கொண்டே நானும் சொல்வேன். உங்கள் தந்தை அந்தக் கூட்டத்தில் இல்லை. அவருக்குத் தலைசுற்றலும் வி.பி.சி.யும் இருக்கின்றன.

அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, வி.பி.சி. வந்த நேரங்களில் எஸ்.டி. எப்படி இருந்தது, தலைசுற்றிய நேரத்தில் துடிப்பு எப்படி இருந்தது, இ.எஃப். எவ்வளவு என்று கேளுங்கள். நேராக ஆஞ்சியோவுக்குப் போகாமல் முதலில், இதயத்தை வேகமாகத் துடிக்கவைத்து எடுக்கும் ஸ்ட்ரெஸ் எக்கோவோ சி.டி. ஆஞ்சியோவோ போதுமா என்றும் கேட்கலாம். சாயம் ஏற்றும் எந்தச் சோதனைக்கும் முன்பு சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின் பார்த்திருக்க வேண்டும். ரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் பிரிக்கும் மாத்திரை எடுத்துக்கொள்கிறார் என்றால் பொட்டாசியம், மெக்னீசியம் இரண்டையும் பாருங்கள். இவை குறைந்தாலே வி.பி.சி. கூடும். இதற்கிடையில் நினைவு தப்பி விழுந்தாலோ, காரணமின்றி வியர்த்து மூச்சு வாங்கினாலோ, குறித்துக் கொடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் உடனே 108-ஐ அழையுங்கள்.