கிளாக்கை அழுத்திய பிறகு டிரா கேட்டால்?

கேள்வி: கிளப் செஸ் போட்டியில் நான் ராணியை வைத்ததும் பலகையில் ஒரே நிலை மூன்றாவது முறை வந்தது. கிளாக்கை அழுத்திவிட்டு டிரா கேட்டேன். ஆர்பிட்டர் (நடுவர்) மறுத்துவிட்டார். மேலும் ஒன்றரை மணி நேரம் ஆடி, ராஜாக்கள் மட்டும் மிஞ்சி டிரா ஆனது. அவர் செய்தது சரியா? அப்பீலுக்கு ஒருவர் 2,000 ரூபாய் கேட்கிறார்.
– வாசகர், கோவை

பதில்: முதலில் அந்த 2,000 ரூபாயைக் கொடுக்காதீர்கள். கிடைத்த அரைப் புள்ளிக்கு அப்பீல் பண்ணி இன்னொரு அரைப் புள்ளியா வாங்கப் போகிறீர்கள்? "எனக்கு ஆபீஸில் ஆள் தெரியும்" என்று ஹால் வாசலில் நிற்பவர்கள் பெற்றோரிடமும் இதையேதான் சொல்கிறார்கள்.

ஆர்பிட்டர் செய்தது சரி. ஒரே நிலை மூன்று முறை வந்தால் டிரா கேட்கலாம்; ஆனால் கேட்கும் முறை முக்கியம். உங்கள் மூவால் மூன்றாவது முறை வரப்போகிறது என்றால் காயைத் தொடவே கூடாது. மூவை ஸ்கோர்ஷீட்டில் (மூவ்களைக் குறிக்கும் தாளில்) எழுதி, கிளாக்கை நிறுத்தி, ஆர்பிட்டரைக் கூப்பிட வேண்டும். ஆடிவிட்டால் கேட்கும் உரிமை எதிராளிக்குப் போய்விடும். 1971-ல் பியூனஸ் அயர்ஸில் அமெரிக்க வீரர் ஃபிஷருக்கும் சோவியத் வீரர் பெட்ரோசியானுக்கும் மூன்றாவது ஆட்டம்; ஃபிஷர் பக்கம்தான் மோசம். அவருடைய 30, 32-வது மூவ்களுக்குப் பின் வந்த அதே நிலை மூன்றாவது முறை வரவிருந்தது. 34-வது மூவாக ராணி e2 (e2 கட்டத்துக்கு) என்று எழுதி டிரா கேட்டார். இடையில் ஒருமுறை கறுப்பு ராணி போய்த் திரும்பியது, மறுமுறை யானை. வழி வேறானாலும் நிலை ஒன்றுதானே!

ஆனால் ஒன்று. ராஜா ஒரு கட்டம் நகர்ந்து பழைய இடத்துக்கே வந்தாலும் கேஸ்ட்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே மூவில் நகர்த்துவது) உரிமை போய்விட்டது. கண்ணுக்கு அதே படம், சட்டத்துக்கு வேறு நிலை. எண்ணும்போது, உரிமை இருந்த அந்த முதல் தடவையைக் கழிக்க வேண்டும். உங்கள் ஆட்டத்துக்கு இது பொருந்தாது; இருந்தாலும் சொல்கிறேன், இதில் விழாதவரே இல்லை. தப்பாகக் கேட்டால் எதிராளிக்கு 2 நிமிடம் கூடும். ஐந்தாவது முறை வந்தால் யாரும் கேட்க வேண்டாம், ஆர்பிட்டரே முடித்துவிடுவார்.

மாதாமாதம் ஃபீஸ் வாங்கி சிசிலியன் என்ற ஆட்டத் தொடக்கத்தில் 20 மூவ் மனப்பாடம் செய்ய வைக்கிற கோச்சுகள், விதிப் புத்தகத்தில் இந்த அரைப் பக்கத்தைக் காட்டுவதில்லை. மறுக்கிற ஆர்பிட்டராவது காரணத்தை ஒரு வரியில் சொல்லலாம், அதற்கும் நேரமில்லையாம்.

டிரா ஆனதும் இரண்டு ஸ்கோர்ஷீட்டிலும் அரை என்று எழுதி, இருவரும் கையெழுத்துப் போட்ட பிறகே எழுந்திருங்கள். ஒருமுறை கைகுலுக்கிவிட்டு டீ குடிக்கப் போனேன். திரும்பி வந்தால் சுவரில் ஒட்டிய தாளில் எனக்குப் பூஜ்யம்.