இருபது வரிக்குள் அடங்காதது

வணக்கம் சார்,

நான்கு வருடமாக மென்பொருள் எழுதுகிறேன். எங்கள் டீமில் புதிதாக ஒரு விதி வந்திருக்கிறது. எந்த ஃபங்ஷனும், அதாவது ஒரு வேலைக்காகப் பெயரிட்டு எழுதும் எந்தக் கோட் பகுதியும், 20 வரியைத் தாண்டக் கூடாது. தாண்டினால், எழுதியதை மற்றவர்கள் சரிபார்க்கும் ரிவ்யூவிலேயே திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஆர்டரைப் பதிவு செய்யும் 240 வரி ஃபங்ஷன் ஒன்றை இரண்டு நாள் உட்கார்ந்து 31 துண்டாக்கினேன். டீம் லீடுக்கு மகிழ்ச்சி. எனக்குத்தான் இப்போது அதைப் படிக்க முடியவில்லை. முன்பு மேலிருந்து கீழே வாசித்தால் புரிந்தது, இப்போது ஃபைலுக்கு ஃபைல் தாவ வேண்டியிருக்கிறது. சின்ன ஃபங்ஷன்தான் நல்ல ஃபங்ஷன் என்றுதானே எல்லோரும் சொல்கிறார்கள்? தப்பு என்னிடமா, விதியிடமா? பழைய கோட், புதிய கோட் இரண்டையும் இணைத்திருக்கிறேன்.

கே.

அன்புள்ள கே.,

இரண்டிடமும் கொஞ்சம் கொஞ்சம்.

கோடைப் பார்த்தேன். 31 துண்டில் ஒன்றின் பெயர் ‘மீதியைச் செய்’. இன்னொன்று ‘இரண்டாம் பகுதி’. 20 வரி நிறைந்ததும் கத்தரி போட்டிருக்கிறீர்கள், பெயர் கிடைக்கிறதா என்று பார்க்கவில்லை. போதாததற்கு இந்தத் துண்டுகள் எல்லாம் ஒரே ஆப்ஜெக்ட்டின், அதாவது ஒரே தகவல் தொகுப்பின், ஒன்பது ஃபீல்டுகளை (அதன் தனித்தனி மதிப்புகளை) மாறி மாறித் தொடுகின்றன. ஏழாவது ஃபங்ஷனை ஐந்தாவதுக்கு முன்னால் கூப்பிட்டால் தள்ளுபடி பூஜ்யமாகிவிடும், ஆனால் அந்த வரிசை முக்கியம் என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. பழைய 240 வரியில் அந்த வரிசை கண்ணுக்காவது தெரிந்தது.

எண்ணை வைத்து விதி போடுவது புதிதில்லை. நாசாவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வகத்தில் ஜெரார்டு ஹோல்ஸ்மன் 2006இல் எழுதிய பத்து விதிகளில் ஒன்று, ஒரு ஃபங்ஷன் ஒரு தாளில் அச்சிடும் அளவுக்குள், சுமார் 60 வரிக்குள் இருக்க வேண்டும் என்கிறது. உயிர் போகிற இடங்களில் ஓடும் கோடுக்கே 60 வரி! லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலை எழுதுகிறவர்களின் நடைக் குறிப்பு இன்னும் விவேகமானது. ஒன்றிரண்டு திரைக்குள் அடங்கட்டும் என்று சொல்லிவிட்டு, சிக்கல் கூடக் கூட நீளம் குறைய வேண்டும், ஒரே மாதிரியான எளிய கேஸ்களின் நீண்ட வரிசை என்றால் நீளமாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறது. கோடின் சிக்கலை அளக்க ஒரு வழி சொன்ன தாமஸ் மெக்கேப் 1976இல் வரிகளை விட்டுவிட்டு, ஓட்டம் பிரியும் கிளைகளையே எண்ணினார். 10ஐத் தாண்டினால் யோசியுங்கள் என்றார். இஃப்பும் (‘இப்படி இருந்தால்’ என்ற நிபந்தனை) லூப்பும் (திரும்பத் திரும்ப ஓடும் பகுதி) இல்லாத 80 வரியை அரைத்தூக்கத்தில் படித்துவிடலாம். நான்கு இஃப் ஒன்றுக்குள் ஒன்றாக உட்கார்ந்திருக்கும் 18 வரிக்கு ஒரு காலைப்பொழுது போய்விடும். உங்கள் டீமின் விதி இரண்டாவதைப் பாஸ் செய்து முதலாவதைத் திருப்பி அனுப்பும்.

நன்னூல் பத்து அழகுகளில் ‘சுருங்கச் சொல்லல்’ என்று தொடங்கி அடுத்த மூச்சிலேயே ‘விளங்க வைத்தல்’ என்கிறது. உங்கள் லீட் முதல் அழகோடு நிறுத்திக்கொண்டார் போலிருக்கிறது.

நான் வைத்திருக்கும் சோதனை, தமிழில் யோசிப்பவருக்கு இன்னும் வசதி. ஃபங்ஷன் செய்யும் வேலையை ஒரே வாக்கியமாகச் சொல்லிப் பாருங்கள். ‘ஆர்டரைச் சரிபார்த்து, விற்பனை வரியைக் கணக்கிட்டு, சேமித்து, அஞ்சல் அனுப்பு.’ கடைசி வினையையும் சேர்த்து எத்தனை வினையெச்சம் வருகிறதோ அத்தனை வேலை உள்ளே இருக்கிறது. ஒவ்வொன்றும் தனி ஃபங்ஷன் ஆகலாம், அவற்றை வரிசையாகக் கூப்பிடும் ஒன்று மேலே இருக்கலாம். அந்த மேல் ஃபங்ஷன் கூப்பிடுவதைத் தவிர வேறெதுவும் செய்யக் கூடாது, அவ்வளவுதான். வாக்கியம் வரவில்லையா? வெட்டாதீர்கள். பொய்ப்பெயர் வைப்பது அதைவிட மோசம். உங்களுடைய ‘முகவரியைச் சரிபார்’ உள்ளே போய் டேட்டாபேஸில் முகவரியை மாற்றியும் வைக்கிறது. பெயரை நம்பி உள்ளே எட்டிப் பார்க்காமல் கடந்துபோகிறவனுக்குத்தான் சின்ன ஃபங்ஷனால் லாபம். ஒருமுறை ஏமாந்தவன் அப்புறம் எல்லாவற்றையும் திறந்து பார்ப்பான்.

நானும் பட்டிருக்கிறேன். முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் பில் அனுப்பும் ஃபங்ஷன் ஒன்று எழுதினேன். வெறும் 15 வரி, எனக்கு அதில் பெருமை வேறு. அதற்கு மூன்று பூலியன் ஆர்க்யுமென்ட், அதாவது கூப்பிடும்போது ஆம் (ட்ரூ) அல்லது இல்லை (ஃபால்ஸ்) என்று கொடுக்கும் மதிப்புகள்: நகல் வேண்டுமா, நினைவூட்டலா, இது வெறும் சோதனையா. கூப்பிடும் இடத்தில் ‘ட்ரூ, ஃபால்ஸ், ட்ரூ’ என்று மட்டும் தெரியும். ஒருநாள் நானே இரண்டாவதையும் மூன்றாவதையும் மாற்றிப் போட்டேன். சோதனைக்காக ஓட்டியது நிஜ வாடிக்கையாளர்களுக்கு நினைவூட்டலாகப் போய்ச் சேர்ந்தது. அன்று மாலை முழுக்க மன்னிப்புக் கடிதம் எழுதினேன். அதற்குப் பிறகு ட்ரூ, ஃபால்ஸ் வாங்கும் ஃபங்ஷனைக் கண்டால், ஒரு வீட்டில் இரண்டு குடித்தனம் என்று கதவைத் தட்டிவிடுவேன்.

சரி, உங்கள் 31க்கு வருவோம். முதலில் பழைய ஃபங்ஷனைத் திரும்ப எடுங்கள். அதில் சில பத்திகளின் தலையில் படிப்பவருக்கான குறிப்பாகக் கமென்ட் எழுதியிருந்தீர்கள்: ‘எடைக்கேற்ற அனுப்பும் செலவு’, ‘கூப்பன் இன்னும் செல்லுமா’. அவைதான் நீங்கள் தேடிய பெயர்கள். இந்த இரண்டுமே சுத்தமான கணக்கு. உள்ளே நான்கு மதிப்பைக் கொடுத்தால் வெளியே ஒன்று வரும், டேட்டாபேஸ் தேவையில்லை. அவற்றை வெளியே எடுத்தால் டெஸ்ட் எழுதுவதும் சுலபம். அடுத்து, தொடக்கத்தில் கூடு கட்டியிருக்கும் இஃப்களைக் கலையுங்கள். ஆர்டர் காலியா, அங்கேயே ரிட்டர்ன் (ஃபங்ஷனை விட்டு வெளியேறு). பணம் வரவில்லையா, அங்கேயே ரிட்டர்ன். விதிவிலக்குகள் வாசலிலேயே விடைபெற்றுப் போய்விட்டால் மிச்சமுள்ள கோட் இடது ஓரத்துக்கு வந்துவிடும். கடைசியில் ஃபீல்டுகளை அங்கிங்கு நகர்த்தும் 50, 60 வரி மிஞ்சும். அதில் முடிவெடுக்கும் இடம் எதுவும் இல்லை. அது நீளமாகவே இருக்கட்டும்.

லீடிடம் எண்ணைப் பற்றி வாதிடாதீர்கள். 31 துண்டையும் புதியதையும் அருகருகே வைத்து, இந்தக் கோடை இதுவரை பார்க்காத ஒருவரைக் கூப்பிட்டு, ‘கூப்பன் காலாவதியானால் என்ன நடக்கும்?’ என்று கேளுங்கள். எதில் சீக்கிரம் பதில் வருகிறது என்று லீடும் கூட நின்று பார்க்கட்டும். என்ன ஆயிற்று என்று எனக்கும் எழுதுங்கள்.