லைசென்ஸ் இல்லாதவர் செய்த வயரிங்குக்கு மீதிப் பணம் கொடுக்க வேண்டுமா?

குன்னூர் வீட்டுக்கு வயரிங் செய்தவரிடம் லைசென்ஸ் இல்லை என்று வேலை முடிந்த பிறகுதான் தெரிந்தது, மீதி 15,000 ரூபாயைக் கேட்கிறார், கலிஃபோர்னியாவில் இருக்கும் தம்பி ‘ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதே’ என்கிறார் என்று எழுதியிருக்கிறீர்கள்.

தம்பி சொல்வது அந்த ஊருக்குச் சரி. அங்கே லைசென்ஸ் இல்லாத காண்டிராக்டர் கூலி கேட்டு வழக்கே போட முடியாது. வாங்கிய பணத்தையும் திருப்பித் தரவேண்டி வரலாம். அந்தச் சட்டத்தை இங்கே கொண்டுவந்து பேசினால் சண்டைதான் வளரும்.

நம் விதி வேறு. பல்பு, ஃபேன், சுவிட்ச் மாற்றுவது போன்ற சில்லறை வேலை தவிர, வயரிங் வேலையை உரிமம் உள்ள மின் ஒப்பந்ததாரர்தான், தகுதிச் சான்று பெற்றவரின் மேற்பார்வையில் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் இதற்கென்றே மின் உரிமம் வழங்கும் வாரியம் இருக்கிறது. ‘இருபது வருஷமா இதே தொழில்’ என்பது உரிமம் ஆகாது.

கோத்தகிரியில் எங்கள் வீட்டிலும் இதே கதைதான். பாத்ரூம் ஹீட்டர் 3,000 வாட். 13 ஆம்பியர் இழுக்கும். குறைந்தது 2.5 ஸ்கொயர் எம்எம் ஒயராவது வேண்டும், 4 என்றால் இன்னும் நல்லது. அவர் இழுத்திருந்தது லைட்டுக்குப் போடும் 1. பார்வைக்கு வேலை அழகாகத்தான் இருந்தது. நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை எப்படி அடிக்கும் என்று உங்களுக்குத் தெரியும். சுவர் ஊறிக் கிடந்த ஒரு காலையில் குழாயைத் தொட்ட அம்மாவுக்கு ஷாக் அடித்தது. பிரித்துப் பார்த்தால், ஹீட்டர் பாயிண்டிலிருந்து வந்த எர்த் ஒயர் மெயின் போர்டில் சேரவே இல்லை. கரண்ட் கசிந்தால் உடனே லைனைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி.யும் கிடையாது. அம்மா பிழைத்தது அதிர்ஷ்டம். அன்றிலிருந்து இந்த விஷயத்தில் எனக்குப் பணம் இரண்டாவதுதான்.

அதனால் முதலில் லைசென்ஸ் உள்ள ஒருவரைக் கூப்பிட்டு மெக்கர் (ஒயரின் இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எர்த், ஒயர் அளவு, சரிசெய்ய ஆகும் செலவு எல்லாம் எழுத்தில், கையெழுத்தோடு வேண்டும். எனக்கு மீதி 12,000 இருந்தது, ரிப்பேருக்கு 7,500 ஆனது. அந்தத் தாளை வைத்து வயரிங் செய்தவரிடம் பேசினேன். “லைட் லைன் எல்லாம் சரியாத்தானே போட்டிருக்கேன், அக்கா” என்றார். அது உண்மைதான். 4,500 கொடுத்து, கணக்கு தீர்ந்தது என்று எழுதி வாங்கினேன். குளிரில் நின்று சுவர் வெட்டியவரின் கூலியை மொத்தமாக மறுக்க எனக்கு மனசு வரவில்லை. லைசென்ஸ் இல்லை என்ற ஒரே காரணத்தைச் சொல்லி நீங்களும் முழுப் பணத்தையும் நிறுத்தாதீர்கள்.

பேச்சு முறிந்தால் ஊட்டியில் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்குள் போக வேண்டும். நீங்கள் கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் இல்லை, வக்கீலும் கட்டாயமில்லை. அதற்கு முன் 1915-க்குப் போன் செய்தும் புகாரைப் பதியலாம். பில், ஜிபே ரசீது, வாட்ஸ்அப் பேச்சு எதையும் அழிக்காதீர்கள்.

சோதனை முடியும்வரை மெயின் போர்டில் ஹீட்டர் லைனுக்கான எம்.சி.பி. சுவிட்சை ஆஃப் செய்து வையுங்கள். இதைப் படித்த கையோடு செய்துவிடுங்கள்.