ஸ்லைடிங் கதவுக்குப் பின்னால் ஜன்னல் வைக்கலாமா?

கேள்வி: சரக்கு வேனைப் படுத்துறங்கும் வண்டியாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். ஸ்லைடிங் கதவுக்குப் பின்னால் உள்ள பக்கத் தகட்டில், வெளியே தூக்கித் திறக்கும் அக்ரிலிக் ஜன்னல் வைக்க ஆசை. நானே வெட்டலாமா? பின்கதவை உள்ளேயிருந்து திறக்கவும் வழி வேண்டும்.

பதில்: வெட்டலாம், ஆனால் அந்த இடத்தில் அந்த ஜன்னல் வேண்டாம். நான் பட்டுத் தெரிந்துகொண்டேன். என் வண்டியிலும் அதே இடத்தில்தான் வைத்தேன். ஒருநாள் காலை அது கொஞ்சம் திறந்திருந்ததை மறந்து, தூக்கக் கலக்கத்தில் கதவைத் தள்ளினேன். கதவு பின்னால் ஓடி ஜன்னலில் போய் மோதியது. தாங்கும் கம்பி வளைந்தது, அக்ரிலிக் மூலையில் விரிசல்.

மூடியிருந்தாலும் இந்த ஜன்னல் தகட்டைவிட்டுத் துருத்திக்கொண்டுதான் நிற்கும். கதவுக்கும் தகட்டுக்கும் நடுவே இருக்கும் சந்து அதற்குப் போதுமா என்று பார்க்க வேண்டும். ஜன்னல் வரப்போகும் இடத்தில் ஏழெட்டு இடங்களில் களிமண் உருண்டைகளை ஒட்டி, கதவை மெதுவாக முழுக்கத் திறந்து மூடுங்கள். மிகவும் நசுங்கிய உருண்டையின் தடிமன்தான் உங்களுக்குக் கிடைக்கும் இடம். கதவின் உட்புறத்தில் பலகையும் மெத்தையும் அடிக்கப் போகிறீர்கள் என்றால் அந்தத் தடிமனையும் கழித்துவிடுங்கள். இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். இடம் போதவில்லையா, தகட்டோடு சமமாக ஒட்டும் கண்ணாடி வையுங்கள். தூக்கித் திறப்பதை எதிர்ப்பக்கச் சுவருக்குக் கொண்டுபோங்கள், அங்கே குறுக்கே வர கதவு இல்லை.

வெட்டும் முன் உள்பக்கம் தட்டிப் பாருங்கள். தகட்டுக்குப் பின்னால் ஓடும் விறைப்புச் சட்டத்தை அறுக்கக் கூடாது. ஒயர் போகிறதா என்றும் பாருங்கள். நான்கு மூலையிலும் உள்ளிருந்து சிறு துளை போட்டு, வெளியே வந்து அளவைச் சரிபார்த்த பிறகே ஜிக்சா என்ற மின்ரம்பத்தை எடுங்கள். இரும்புக்கான நுண்பல் பிளேடு. சுற்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டினால் பெயின்ட் கீறாது.

இரும்புத்தூள் விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். சூடாகத் தெறிக்கும் தூள் பெயின்ட்டில் ஒட்டிக்கொண்டு சில நாளில் பழுப்புப் புள்ளியாகத் துருப்பிடிக்கும். உள்ளே பழைய துணியைக் கட்டி ஏந்திக்கொள்ளுங்கள், உடனே காந்தத்தால் பொறுக்குங்கள். அறுத்த விளிம்பை அரத்தால் தேய்த்து, துரு தடுக்கும் பிரைமரும் அதன்மேல் பெயின்ட்டும் அடித்து, நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டுங்கள்.

சட்டத்தோடு வரும் ஜன்னலைத் தண்ணீர் கசியாமல் ஒட்ட, பியூட்டைல் டேப் என்ற பிசுபிசுப்பான ரப்பர் பட்டை போதும். அது கெட்டியாகாது, என்றாவது கழற்றவும் முடியும். பிதுங்கியதைத் துடைக்க மட்டும் தின்னரோ பெட்ரோலோ தொடாதீர்கள்; அக்ரிலிக்கில் நூல்நூலாக வெடிப்பு விடும்.

பின்கதவு எளிது. உள் அட்டையைக் கழற்றினால் வெளிக் கைப்பிடி இழுக்கும் கம்பி தெரியும். அதே மாடலின் பயணிகள் வண்டியில் உள்கைப்பிடி உண்டென்றால் அதை வாங்குங்கள். பல வண்டிகளில் அதற்கான துளை ஏற்கெனவே இருக்கும். கட்டிலைக் கதவோடு ஒட்டிப் போட்டு அந்தக் கைப்பிடியை மறைத்துவிடாதீர்கள். அட்டை திறந்திருக்கும்போதே கதவின் அடிவிளிம்பைப் பாருங்கள்: மழைநீர் வடியும் சிறு ஓட்டைகள் இருக்கும். வெப்பம் தடுக்கும் பஞ்சைத் திணித்து அவற்றை அடைத்தால், ஒவ்வொரு வளைவிலும் கதவுக்குள் தண்ணீர் சலசலக்கும்.