அக்காவுக்குக் காது கேட்காது, கார்டியன் எதற்கு?

கேள்வி: அப்பா உயில் எழுதாமல் இறந்துவிட்டார். வீட்டில் தனக்குள்ள பங்கை எனக்கு விடுதலைப் பத்திரமாக எழுதித் தர அக்கா சம்மதிக்கிறார். அவருக்குப் பிறவியிலேயே காது கேட்காது, பேச்சும் வராது. கோர்ட்டில் கார்டியன் உத்தரவு வாங்கினால்தான் பதிவு நடக்கும், முப்பதாயிரம் ஆகும் என்கிறார் புரோக்கர். இது தேவையா? நானே சைகையில் விளக்கிக் கையெழுத்து வாங்கினால் போதாதா?

பதில்: முதலில் அந்த முப்பதாயிரத்தைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுப்பவர் மைனராகவோ மனநிலை தவறியவராகவோ தெரிந்தால் பதிவை மறுக்க வேண்டும் என்கிறது 1908 பதிவுச் சட்டத்தின் 35-வது பிரிவு. காது கேட்காதவர் அந்த வரிசையில் இல்லை. மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம் 2016, 13-வது பிரிவோ சொத்திலும் பணத்திலும் மற்றவர்களுக்குள்ள உரிமை அவருக்கும் உண்டு என்கிறது. பழைய இந்து சட்டத்தில் பிறவியிலேயே காது கேளாதவருக்கு வாரிசுரிமை கிடையாது. அந்தத் தடையை 1928-ல் எடுத்துவிட்டார்கள். நூறு வருஷம் ஆகப்போகிறது, சேதி இன்னும் சில பதிவு அலுவலகங்களுக்குப் போய்ச் சேரவில்லை.

புரோக்கர்கள் காட்டும் கார்டியன் சட்டம் 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம். ஆட்டிசம், பெருமூளை வாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது அது. காது மட்டும் கேட்காத ஒருவரை அதற்குள் தள்ளினால், நாளைக்கு பேங்க்கிலும் கார்டியன் கையெழுத்தைக் கேட்பார்கள்.

சரி, இரண்டாவது கேள்வி. நீங்கள் விளக்கக் கூடாது. பங்கு உங்களுக்கு வருகிறது, விளக்குவதும் நீங்களா? உதவி செய்பவருக்கே அந்தச் சொத்தில் ஆதாயம் இருந்தால் அவர் ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்று அதே 13-வது பிரிவு சொல்கிறது. 'கையெழுத்துப் போடு' என்று வீட்டுச் சைகையில் காட்டிவிடலாம். 'இனி இந்த வீட்டில் உனக்கு ஒரு செங்கல்கூடச் சொந்தமில்லை' என்பதைக் காட்டிப் பாருங்கள். ஒரு பதிவு அலுவலகத்தில் பார்த்தேன்: அதிகாரி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போனார், அந்த அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தார். அப்புறம் சைகை மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்டால், உதவித்தொகைக்கான காகிதம் என்று நினைத்திருக்கிறார்.

'சொந்தக்காரர் என்பதாலேயே சந்தேகப்படக் கூடாது என்றும் சட்டத்தில் இருக்கிறதே' என்று யாராவது சொல்வார்கள். இருக்கிறது. வீட்டில் பங்கே இல்லாத சித்தப்பா மகளுக்குச் சைகை மொழி தெரியுமா, தாராளமாக உட்காரட்டும். உங்கள் மனைவி? பங்கு அவர் பெயரில் இல்லைதான், ஆனால் வீடு உங்களுக்கு வந்தால் அவருக்கும் லாபம். வேண்டாம். அம்மா? அவரும் வாரிசு, தன் பங்கையும் உங்களுக்கே எழுதுகிறார் என்றால் அவரும் வேண்டாம். சொந்தமா என்று பார்க்காதீர்கள், ஆதாயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

மொழிபெயர்ப்பாளருக்கு மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலோ காது கேளாதோர் பள்ளியிலோ கேளுங்கள். புரோக்கரே ஒருவரைக் கூட்டிவந்தால் வேண்டாம் என்றுவிடுங்கள். வரைவைப் பதிவுக்குச் சில நாள் முன்பே அக்காவுக்கு விளக்கச் சொல்லுங்கள், பதிவன்று காலையில் அவசர அவசரமாக அல்ல. என்ன புரிந்தது என்று அக்கா திருப்பிச் சொல்லட்டும், அதை வீடியோ எடுங்கள். யார் விளக்கினார் என்று பத்திரத்திலேயே எழுதி, அவரையும் சாட்சியாகக் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். பணம் தருவதாக இருந்தால் அக்காவின் பேங்க் கணக்கில் போடுங்கள், கையில் வேண்டாம்.

அக்காவுக்குத் தனி வக்கீல் வேண்டும், உங்கள் வக்கீல் அல்ல. சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மாற்றுத்திறனாளிக்கு வருமானம் பார்க்காமல் இலவசமாகத் தருவார்கள். அவர்களுக்கு உதவி எண்ணும் உண்டு; காது கேளாதவர் போனில் என்ன செய்வாராம்? நேரிலேயே கூட்டிப் போங்கள்.

இத்தனைக்கும் மேல் சார்பதிவாளர் 'அடுத்த வாரம் வாங்க' என்றால், மறுப்பைக் காரணத்தோடு எழுத்தில் கேளுங்கள். பதிவுச் சட்டத்தின் 71-வது பிரிவின்படி அவர் காரணத்தைப் பதிவு செய்து நகலை இலவசமாகத் தர வேண்டும். அதை வைத்து 30 நாளுக்குள் மாவட்டப் பதிவாளரிடம் மேல்முறையீடு செய்யலாம். எழுதிக் கொடுங்கள் என்று கேட்டதுமே பாதிப் பேர் பதிவு செய்துவிடுகிறார்கள்.