விமானம் கிளம்பும் முன் ஏசி காற்று சட்டென்று நிற்பது ஏன்? ஜெட் எஞ்சினை எப்படி ஸ்டார்ட் செய்கிறார்கள்?

பழுது ஒன்றும் இல்லை. உங்கள் தலைக்கு மேல் வந்துகொண்டிருந்த காற்று எஞ்சினைச் சுற்றப் போயிருக்கிறது.

ஜெட் எஞ்சினில் கம்ப்ரஸர் காற்றை அழுத்தும், எரியறையில் எரிபொருள் எரியும், சூடான வாயு டர்பைனைச் சுற்றும். அந்த டர்பைன்தான் அதே தண்டில் இருக்கும் கம்ப்ரஸரையும் சுற்றுகிறது. ஓடத் தொடங்கிவிட்டால் தானே ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் நின்றுபோன எஞ்சினுக்கு முதல் சுற்றை யார் கொடுப்பது? போயிங் 737, ஏர்பஸ் ஏ320 போன்றவற்றில் பாட்டரிக்கு அந்தத் தெம்பு கிடையாது. வால் நுனியில் இருக்கும் ஏபியு என்ற குட்டி கேஸ் டர்பைனை மட்டும் அதனால் எழுப்ப முடியும். அப்புறம் ஏபியு பெரிய எஞ்சினை எழுப்பும். 115 வோல்ட், 400 ஹெர்ட்ஸ் மின்சாரமும் அதுவே தரும்.

737-800இல் இருக்கும் சிஎஃப்எம்56-7பி எஞ்சினைப் பார்ப்போம். முதலில், ஏபியுவின் காற்றைக் குளிராக்கிக் கேபினுக்கு அனுப்பும் ஏசி பேக்குகளை அணைக்கிறார்கள்; ஏபியுவின் அழுத்தக் காற்று முழுவதும் ஸ்டார்ட்டருக்கு வேண்டும். ஸ்டார்ட்டர் வால்வு திறந்ததும், அந்தக் காற்று ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் சிறு டர்பைனைச் சுற்றும். அது கியர்பாக்ஸ் வழியாக உள் தண்டை, அதாவது என்2வைச் சுற்றும். முன்னால் தெரிகிற பெரிய விசிறி இருப்பது வேறு தண்டில்; அதை ஸ்டார்ட்டர் தொடுவதே இல்லை. உள்ளே ஓடும் காற்றின் இழுப்பில்தான் அது மெல்ல அசையத் தொடங்கும். என்2வின் வேகம் சுமார் 25 சதவீதம் வந்ததும் எரிபொருளும் தீப்பொறியும். ஸ்டார்ட்டர் விலகுவதோ 56 சதவீதத்தில்.

தீ பிடித்த பிறகும் ஸ்டார்ட்டர் ஏன் இவ்வளவு நேரம் தாங்க வேண்டும்? தீ பிடித்துவிட்டால் எஞ்சின் ஓடிவிட்டது என்று அர்த்தமில்லை. அந்த வேகத்தில் டர்பைன் தரும் சக்தி கம்ப்ரஸருக்குப் போதாது. அப்போது ஸ்டார்ட்டர் விலகினால் காற்று குறையும், எரிபொருள் மட்டும் வந்துகொண்டிருக்கும், வெப்பம் எகிறும். ஹாட் ஸ்டார்ட் என்பது இதுதான். ஸ்டார்ட்டருக்குக் காற்று வரும் குழாயில் அழுத்தம் குறைந்தாலும், பின்னாலிருந்து பலத்த காற்று வீசினாலும் இதே கதைதான். இந்த எஞ்சினுக்கு ஸ்டார்ட்டின்போது வெளியேறும் வாயுவின் வெப்ப வரம்பு 725 டிகிரி செல்சியஸ். அதைத் தாண்டப் போகிறது என்று தெரிந்தால் எரிபொருளை நிறுத்துவார்கள். ஸ்டார்ட்டரை நிறுத்த மாட்டார்கள். வெறும் காற்று ஓடி உள்ளே தேங்கிய சூட்டை வெளியே தள்ள வேண்டுமே.

எரிபொருள் திறந்து சில நொடிகளில் வெப்பம் ஏறவே இல்லையென்றால் அது வெட் ஸ்டார்ட். அப்போதும் எரிபொருளை மூடிவிட்டு, எஞ்சினைச் சும்மா சுற்றி ஈரத்தை ஊதி வெளியேற்றுவார்கள். அவசரப்பட்டு மறுபடி பற்றவைத்தால், தேங்கிய எரிபொருள் பின்பக்கம் தீப்பிழம்பாக வரும்.

எஞ்சின் நிதானமானதும் அதன் ஜெனரேட்டருக்கு மின்சாரம் மாறும். விளக்குகள் ஒருமுறை கண்சிமிட்டுவது அப்போதுதான். பிறகு ஏசி திரும்பும், ஏபியுவை அணைத்துவிடலாம்.

ஏபியு கெட்டுப்போனால்? தரையில் காற்று தரும் வண்டியைக் குழாயால் இணைத்து ஒரு எஞ்சினை எழுப்பி, அதன் காற்றில் இன்னொன்றை எழுப்புவார்கள். போயிங் 787இல் மட்டும் இந்தக் காற்றுக் கதையே இல்லை. அதன் ஒவ்வொரு எஞ்சினிலும் 250 கேவிஏ (மின்திறன் அளவு) ஜெனரேட்டர்கள் இரண்டு; ஸ்டார்ட் செய்யும்போது அவையே மோட்டாராக மாறிச் சுற்றிவிடும்.