சிக்கரி கலப்படமா? ராயபுரத்திலிருந்து ஒரு காபிக் கேள்வி

கேள்வி: ராயபுரத்தில் கடலுக்கு அருகே வசிக்கிறோம். காபிக்கொட்டையை வறுத்து அரைத்துத் தரும் கடையில் பீபெரி, பிளாண்டேஷன் ஏ, ரொபஸ்டா என்று பலகையில் எழுதியிருக்கிறார்கள். சிக்கரி எவ்வளவு என்றும் கேட்கிறார்கள். சிக்கரி கலப்படம், வேண்டாம் என்கிறார் மாமியார். அது இல்லாமல் போட்டால் டிகாஷன் நீர்த்துவிடுகிறது. சேர்த்து வாங்கினால் சில நாளிலேயே தூள் கட்டிதட்டிப் போகிறது. எதை, எந்த அளவில் வாங்குவது?

பதில்: சொல்லிச் சேர்த்தால் சிக்கரி கலப்படம் அல்ல. சொல்லாமல் சேர்த்தால் சந்தேகமே இல்லை, கலப்படம்தான். பாக்கெட்டில் விற்கும் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது, இரண்டின் அளவையும் உறையில் அச்சிட வேண்டும் என்பது நம் நாட்டு விதி.

ஆனாலும் உங்கள் மாமியாரின் சந்தேகத்துக்கு வரலாறு துணை நிற்கிறது. சிக்கரி ஒரு செடியின் வேர். அதில் தூக்கத்தை விரட்டும் காபீன் கிடையாது. ஐரோப்பாவில் காபிக்குத் தட்டுப்பாடு வந்தபோதெல்லாம் இந்த வேரை வறுத்து அரைத்துக் குடித்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் பிரஷ்ய அரசர் இரண்டாம் பிரெடெரிக், காபி வாங்கியே நாட்டுப் பணம் கரைகிறதென்று கெடுபிடி செய்தார். 1806இல் நெப்போலியன் பிரிட்டிஷ் வணிகத்துக்குத் தடை போட்டதும் காபி வரத்து இன்னும் சுருங்கியது. தடை நீங்கிய பிறகும் நாக்கு அந்தச் சுவையை விடவில்லை.

நம் ஊர்க் காபிக்கு அது பொருந்திப்போனதற்கு வேறொரு காரணம் உண்டு. வறுத்த சிக்கரியில் பெரும்பகுதி நீரில் கரைந்துவிடும். காபித் தூளில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான் கரையும். அதனால்தான் சிக்கரி சேர்ந்த டிகாஷன், பால் ஊற்றினாலும் அடிபடாமல் நிற்கிறது. காற்றிலிருக்கும் ஈரத்தை இழுப்பதும் அதே சிக்கரிதான். கடலோரத்து வீட்டில் தூள் கட்டிதட்டாமல் இருந்தால்தான் வியப்பு.

ரொபஸ்டாவை மட்டம் என்று ஒதுக்குபவர்கள் அது வந்த கதையை அறிய வேண்டும். எத்தியோப்பியக் காடுகளில் தோன்றி, ஏமனில் பயிராகி, அங்கிருந்து சிக்மகளூர் மலைக்கு வந்தது அரபிகா என்ற இன்னொரு காபி இனம். 1670 வாக்கில் பாபா புடன் என்ற சூஃபி பெரியவர் ஏழு விதைகளைக் கொண்டுவந்தார் என்பது வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. டச்சுக்காரர்கள் மலபாரிலிருந்து அதை ஜாவாவுக்குக் கொண்டுபோனார்கள். 1706இல் ஜாவாவின் செடி ஒன்று ஆம்ஸ்டர்டாம் போய்ச் சேர்ந்தது. 1714இல் அதன் கன்று பிரெஞ்சு மன்னர் 14ஆம் லூயிக்குப் பரிசானது. உலகின் பெருந்தோட்டங்கள் பலவும் இப்படிக் கைவிரலில் எண்ணிவிடக்கூடிய சில செடிகளின் வாரிசுகள். ஒன்றைத் தாக்கும் நோய் எல்லாவற்றையும் தாக்கும். 1869இல் இலங்கையில் இலைத்துரு நோய் தோன்றி, அடுத்த சில பத்தாண்டுகளில் காபித் தோட்டங்கள் அழிந்து தேயிலைத் தோட்டங்களாயின. மலையகத் தமிழரின் முன்னோர் முதலில் அங்கே போனது தேயிலை பறிக்க அல்ல, காபித் தோட்ட வேலைக்கு என்பதை நாம் மறந்துவிடக் கூடாது. அந்த நோயைத் தாங்கும் செடியைத் தேடியபோது கைகொடுத்தது ஆப்பிரிக்காவின் ரொபஸ்டா. அதில் காபீன் அரபிகாவைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. கசப்பும் திடமும் அதிகம், நறுமணம் குறைவு.

பீபெரி தனி ரகம் அல்ல. வழக்கமாக ஒரு பழத்தில் தட்டையான இரண்டு கொட்டைகள் இருக்கும். ஒன்று மட்டுமே விளைந்து உருண்டையானால் அது பீபெரி. பிளாண்டேஷன் ஏ என்பது பழத்தோலை நீக்கிக் கழுவிப் பதப்படுத்திய அரபிகாவில் பெரிய கொட்டை. இந்த இரண்டில் எது வாங்கினாலும் சரி, பீபெரிக்குக் கூடுதல் விலை கொடுத்தாக வேண்டும் என்பதில்லை.

பிளாண்டேஷன் ஏ 70 பங்கு, ரொபஸ்டா 30 பங்கு என்று அரைக்கச் சொல்லுங்கள். சிக்கரியைத் தனிப் பொட்டலமாகக் கேளுங்கள். ஒரு வாரத்துக்கு வேண்டிய தூளை மட்டும் அவ்வப்போது கலந்துகொள்ளுங்கள்: காபி 85 கிராம், சிக்கரி 15 கிராம். 20 கிராமைத் தாண்டினால் சிக்கரியின் இனிப்புக் கசப்புதான் நாக்கில் நிற்கும். இறுக்கமான மூடியுள்ள எவர்சில்வர் டப்பாவும் ஈரமில்லாத கரண்டியும் போதும். பிரிட்ஜில் வைத்து அடிக்கடி வெளியே எடுத்தால் தூள் மேலே ஈரம் படியும்.

கடைக்காரர் சொன்ன அளவில் ஐயம் இருந்தால், கண்ணாடித் தம்ளரில் குளிர்ந்த நீர் ஊற்றி ஒரு சிட்டிகைத் தூளை மேலே தூவிப் பாருங்கள். காபி மிதக்கும். சிக்கரி சட்டென்று மூழ்கி, போகிற வழியெல்லாம் பழுப்புக் கோடு இழுக்கும். சிக்கரி இருக்கிறதா என்பதை இது காட்டும்; சதவீதத்தைக் காட்டாது.

கடலோரத்து ஆழ்துளைக் கிணற்று நீர் உப்பாக இருந்தால் டிகாஷனுக்கு அதை எடுக்காதீர்கள். குடிக்கிற தண்ணீரையே காய்ச்சுங்கள். மாமியாருக்குச் சிக்கரி கலக்காத தூளைக் கொஞ்சம் கூடுதலாகப் போட்டு, பில்டரில் லேசாக அழுத்தி, வெந்நீரை இரண்டு தவணையாக ஊற்றி இறக்குங்கள். இரவில் அவருக்குத் தூக்கம் பிடிக்கவில்லை என்றால் முதலில் குறைக்க வேண்டியது ரொபஸ்டாவை.